ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸிலிருந்தே பயாஸ் சிப்பை எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது பெரும்பாலும் ஃபிளாஷ்ராம் என்ற கட்டற்ற மென்பொருளைப் பற்றி. லினக்ஸ்பயாஸ் (இன்றைய கோர்பூட்) திட்டத்தின் துணைக்கருவியாகப் பிறந்து தனித் திட்டமாக வளர்ந்தது இது. பவர் போட்டதும் முதலில் ஓடும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர், பயாஸ் என்பதும் அதுதான். மதர்போர்டில் அது இருக்கும் சிப்பை ஃபிளாஷ்ராம் அடையாளம் காணும், படிக்கும், அழிக்கும், எழுதும், சரிபார்க்கும். கட்டளை ஆப்ஷன்களை எழுத்தின் பெயராலேயே சொல்லியிருக்கிறோம். "பெரிய" என்று குறிக்காத இடமெல்லாம் சிறிய ஆங்கில எழுத்து, முன்னால் ஒரு கோடு.

கணினி அந்தச் சிப்பிலிருந்துதானே இயங்குகிறது? ஓடும்போதே அதை அழித்தால் நின்றுவிடாதா?

நிற்காது. பவர் வந்ததும் ப்ராசஸர் முதல் கட்டளைகளை அந்தச் சிப்பிலிருந்து எடுக்கிறது. மெமரி தயாரானதும் ஃபர்ம்வேர் தன்னை ரேமுக்கு நகலெடுத்துக்கொண்டு அங்கிருந்து ஓடுகிறது. லினக்ஸ் வந்த பிறகு ப்ராசஸருக்கு அந்தச் சிப் கிட்டத்தட்டத் தேவையில்லை. முழுச் சிப்பும் காலியாக இருந்தாலும் திரையில் எதுவும் தெரியாது. அடுத்த முறை பவர் போடும்போதுதான் தெரியும்.

இதில் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இன்டெல் போர்டுகளில் ப்ராசஸரைச் சாராமல் தனியே ஓடும் சிறு கணினியான மேனேஜ்மென்ட் எஞ்சின், சுருக்கமாக எம்இ, அதே சிப்பில் தனக்கான பகுதியை ஓடும்போதும் படிக்கும், எழுதும். சில லேப்டாப்களில் கீபோர்டு, பேட்டரி, ஃபேன் ஆகியவற்றைக் கவனிக்கும் எம்பெடட் கன்ட்ரோலரின் (இசி) நிரலும் அதே சிப்பில் இருக்கும்.

என் போர்டில் எந்தச் சிப் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

கடந்த பல ஆண்டுகளாக வரும் பெரும்பாலான போர்டுகளில் எட்டுக் கால் எஸ்பிஐ (சில கம்பிகளிலேயே தரவை அனுப்பும் இணைப்பு முறை) சிப்தான். வின்பாண்ட், மேக்ரோனிக்ஸ், கிகாடிவைஸ் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். பழைய போர்டுகளில் சதுரமான 32 கால் பிஎல்சிசி சிப் சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும்.

சிப்பின் முதுகில் இருக்கும் எண் மெகாபிட்டைக் குறிப்பது. மெகாபைட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டபிள்யூ25க்யூ64 என்றால் 64 மெகாபிட், அதாவது 8 எம்பி, துல்லியமாக 83,88,608 பைட். டபிள்யூ25க்யூ128 என்றால் 16 எம்பி, 1,67,77,216 பைட். நீங்கள் எழுதப்போகும் கோப்பின் அளவு இதனோடு ஒரு பைட் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஃபிளாஷ்ராம் எழுத மறுக்கும். அந்த மறுப்பு உங்கள் நன்மைக்குத்தான். பூஜ்ஜியம் நிரப்பி அளவைச் சரிக்கட்டாதீர்கள்.

எதையும் எழுதாமல் பார்க்க, ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) இருந்து "பி" ஆப்ஷனுக்கு இன்டர்னல் என்ற மதிப்பை மட்டும் கொடுத்து ஓட்டினால் போதும். சிப்செட் (ப்ராசஸரை மற்றப் பாகங்களோடு இணைக்கும் சிப்) பெயர், ஃபர்ம்வேர் சிப்பின் பெயர், எழுதவிடாமல் தடுக்கும் பூட்டுகளின் நிலை எல்லாம் வரும். பெரிய எழுத்து "வி" சேர்த்தால் விரிவான பதிவு கிடைக்கும். "ஓ" ஆப்ஷனால் அதை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். சிக்கல் வந்தால் உதவி கேட்க முதலில் தேவைப்படுவது அந்தக் கோப்புதான்.

இன்டெலின் 100 வரிசைச் சிப்செட்டிலிருந்து சிப்பின் உண்மைப் பெயர் தெரியாமல் "ஒபேக் ஃபிளாஷ் சிப்" என்று வருவது வழக்கம். இது பிழையல்ல. சிப்செட் சிப்போடு தானே பேசிவிட்டு, மென்பொருளுக்கு அளவை மட்டும் சொல்கிறது.

"ஒன்றுக்கு மேற்பட்ட சிப் வரையறைகள் பொருந்துகின்றன" என்று நின்றுவிடுகிறதே?

மேக்ரோனிக்ஸ் எம்எக்ஸ்25எல்6405 குடும்பத்தில் இது அடிக்கடி வரும். ஒரே அடையாள எண்ணைப் பல தலைமுறைச் சிப்கள் பகிர்ந்துகொள்கின்றன. மூடியைத் திறந்து டார்ச் அடித்து முதுகில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். "சி" ஆப்ஷனில் அந்தப் பெயரைக் கொடுங்கள். ஊகித்துக் கொடுக்க வேண்டாம்.

மெமரியைத் தொட அனுமதி இல்லை என்று வருகிறது. ரூட்டாகத்தான் இருக்கிறேன்.

ரூட் மட்டும் போதாது. சிப்செட்டின் ரெஜிஸ்டர்களை, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவிடங்களை, தொடுவதை இன்றைய கெர்னல்கள் இரண்டு இடங்களில் தடுக்கின்றன.

ஒன்று, டிரைவர்கள் கையில் இருக்கும் மெமரிப் பகுதிகளைப் பயனர் நிரல்கள் தொடக் கூடாது என்ற கட்டுப்பாடு. கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் "இ" அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஐஓமெம் சமம் ரிலாக்ஸ்ட் என்ற அளவுருவைச் சேர்த்து பூட் செய்யுங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டும் கட்டுப்பாடு தளரும். இதை நிரந்தரமாக எழுதி வைப்பது தேவையற்ற ஆபத்து.

இரண்டு, கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்யவிடும் செக்யூர் பூட். அது இயக்கத்தில் இருந்தால் உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் கெர்னலை, ரூட்டையும் வன்பொருளை நேரடியாகத் தொடவிடாத லாக்டவுன் நிலைக்குக் கொண்டுபோய்விடும். 2019-இல் வந்த 5.4 கெர்னலிலிருந்து லாக்டவுன் வசதி மூலக் கெர்னலிலேயே இருக்கிறது. பயாஸ் அமைப்பில் செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு வாருங்கள்.

விர்ச்சுவல் மெஷினுக்குள்ளிருந்தும், விண்டோஸில் ஓடும் லினக்ஸ் துணை அமைப்பிலிருந்தும் இது நடக்காது. அங்கே தெரிவது உண்மையான வன்பொருள் அல்ல. விண்டோஸ் மட்டும் இருக்கும் கணினி என்றால் ஒரு லைவ் யூஎஸ்பி போதும்.

எழுதும் முன் என்னவெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். போர்டு டெட் ஆகும் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு எழுதும் செயல் காரணமில்லை. தவறான கோப்பு, இல்லாத பேக்கப், அவசரப்பட்ட ரீபூட் ஆகிய மூன்றும்தான் காரணம்.

முதலில் பேக்கப். "ஆர்" ஆப்ஷனோடு ஒரு கோப்புப் பெயரைக் கொடுத்துப் படியுங்கள். பிறகு வேறு பெயரில் இன்னொரு முறை. இரண்டுக்கும் ஷா256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) பாருங்கள். ஒன்றாக இருந்தால் நிம்மதி. மாறினால் உடனே பதற வேண்டாம். ஓடும் கணினியில் இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே எம்இ தன் பகுதியில் எதையாவது எழுதியிருக்கலாம், யூஇஎஃப்ஐ (இன்றைய வகைப் பயாஸ்) சேமித்து வைக்கும் அமைப்பு ஒன்று புதுப்பிக்கப்பட்டிருக்கலாம். சிஎம்பி கட்டளையால் எந்த முகவரிகளில் வேறுபாடு என்று பாருங்கள். ஒரே இடத்தில் சில பைட்டுகள் என்றால் காரணம் இதுதான். கோப்பு முழுக்கச் சிதறிக் கிடந்தால் வாசிப்பே நம்பகமில்லை, அதோடு நிறுத்துங்கள்.

அந்தப் பேக்கப்பை அதே கணினியில் மட்டும் வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. யூஎஸ்பி டிரைவிலும் வேறொரு கணினியிலும் நகல் இருக்கட்டும். கணினியின் வரிசை எண், அடையாள எண், பல பிராண்டுகளில் விண்டோஸ் உரிமச் சாவி, இன்டெல் நெட்வொர்க் உள்ள போர்டில் மேக் முகவரி எல்லாம் அந்தச் சிப்புக்குள்தான் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் "அதே மாடல்" கோப்பை அப்படியே முழுச் சிப்பிலும் எழுதினால் கணினி எழும்பும். ஆனால் வேறொருவரின் அடையாளத்தோடு எழும்பும்.

அடுத்தது, கணினி எழும்பாமல் போனால் வெளியிலிருந்து எழுதும் வழி: ஒரு யூஎஸ்பி ப்ரோகிராமர் (சிப்பை எழுதும் சிறு கருவி), சிப்பைக் கழற்றாமலே அதன் கால்களைப் பற்றும் எட்டுக் கால் கிளிப், இன்னொரு கணினி. இந்த மூன்றும் கைவசம் இல்லாவிட்டால், கையில் இருக்கும் ஒரே கணினியில் முயலாதீர்கள். போர்டில் யூஎஸ்பி வழியாகப் பயாஸைத் திரும்ப ஏற்றும் தனிப் பொத்தானோ இரட்டைப் பயாஸோ இருந்தால் கவலை பாதி குறையும்.

மூன்றாவது மின்சாரம். லேப்டாப் என்றால் பேட்டரியும் சார்ஜரும், மேசைக் கணினி என்றால் யூபிஎஸ். கூடவே தானியங்கி ஸ்லீப்பை அணையுங்கள், லேப்டாப் மூடியை மூடாதீர்கள்.

விண்டோஸில் வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் முன்கூட்டியே அதைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், 48 இலக்க மீட்புச் சாவியையும் எழுதிக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேர் மாறியதும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பில் உள்ள பதிவு மாறும். அடுத்த பூட்டில் அந்தச் சாவியைக் கேட்டுத்தான் உள்ளே விடும்.

நிறுவனத் தளத்திலிருந்து இறக்கிய கோப்பை அப்படியே எழுதலாமா?

பெரும்பாலும் கூடாது. அந்தக் கோப்பு ஒரு பொட்டலம். சிலது விண்டோஸ் நிரலாக இருக்கும். சிலது கேப்சூல் வடிவில், முன்னால் தலைப்பு ஒட்டிக்கொண்டு வரும். தலைப்போடு சேர்த்து எழுதினால் உள்ளே இருப்பதெல்லாம் இடம் தள்ளிப்போய்விடும், முதல் கட்டளை இருக்க வேண்டிய முகவரியில் வேறெதோ இருக்கும். தலைப்பை நீக்கிவிட்டாலும் பல கோப்புகளில் பயாஸ் பகுதி மட்டும்தான் இருக்கும். எம்இ, டிஸ்கிரிப்டர் (சிப்பின் பகுதிகளைக் குறிக்கும் அட்டவணை) இருக்காது.

தயாரிப்பாளரின் புதிய பதிப்பைப் போடுவது மட்டுமே நோக்கம் என்றால் ஃபிளாஷ்ராம் உங்களுக்கு வேண்டாம். எஃப்டபிள்யூஅப்டி என்ற சேவை பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் இருக்கிறது. ரிஃப்ரெஷ், கெட்-அப்டேட்ஸ், அப்டேட் என்ற மூன்று துணைக் கட்டளைகளில் வேலை முடியும். கணினியின் பயாஸைப் பொறுத்தவரை அது சிப்பை நேரடியாகத் தொடுவதில்லை. கேப்சூலை இஎஃப்ஐ பகிர்வில் வைத்துவிட்டு ரீபூட் செய்யும். பழைய ஃபர்ம்வேரே கையொப்பத்தைச் சரிபார்த்து, பூட்டுகள் விழும் முன் எழுதிக்கொள்ளும். உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருந்தால் அதுதான் நல்ல வழி.

கோர்பூட் போன்ற மாற்று ஃபர்ம்வேர், பட்டியலில் இல்லாத பழைய போர்டு, பேக்கப், மீட்பு ஆகியவற்றுக்குத்தான் ஃபிளாஷ்ராம்.

எம்இ பகுதி பூட்டியிருக்கிறது என்று எச்சரித்துவிட்டு வாசிப்பு தோல்வி அடைகிறது. என்ன செய்வது?

இன்டெல் சிப்பின் முதல் 4 கேபி டிஸ்கிரிப்டர். எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது, யார் எதைப் படிக்கலாம், எழுதலாம் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது டிஸ்கிரிப்டர் எழுதப் பூட்டியும், எம்இ படிக்கவும் எழுதவும் பூட்டியும் இருப்பது சாதாரணம்.

பயாஸ் பகுதி மட்டும் போதுமென்றால், ஐஎஃப்டி என்ற நீள ஆப்ஷனோடு "ஐ" ஆப்ஷனில் பயாஸ் என்று கொடுங்கள். எழுதும்போது பெரிய எழுத்து "என்" சேர்த்தால், எழுதிய பகுதியை மட்டும் சரிபார்க்கும். அதைச் சேர்க்காவிட்டால் படிக்க முடியாத பகுதியையும் சரிபார்க்கப் போய்த் தோற்கும். இப்படிப் படித்த கோப்பு முழு அளவில் இருந்தாலும் மற்றப் பகுதிகளின் இடத்தில் உண்மைத் தரவு இருக்காது. அதை முழுப் பேக்கப் என்று எண்ணி ஒருநாள் வெளியிலிருந்து எழுதினால் டிஸ்கிரிப்டரே போய்விடும். கோப்புப் பெயரிலேயே "பயாஸ்-மட்டும்" என்று எழுதி வையுங்கள்.

முழுவதும் வேண்டுமென்றால் கிளிப்தான். சில மேசைக் கணினிப் போர்டுகளில் டிஸ்கிரிப்டர் பூட்டைத் தளர்த்தும் ஜம்பர் உண்டு.

டிஸ்கிரிப்டர் அனுமதிக்கிறது, ஆனாலும் எழுத முடியவில்லையே?

பூட்டு ஒன்றல்ல, பல. பயாஸ் கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் எழுத்தை அனுமதிக்கும் பிட் ஒன்று இருக்கிறது. காவல் பிட்டும் போட்டிருந்தால், நீங்கள் அனுமதியைத் திறந்த கணமே சிஸ்டம் மேனேஜ்மென்ட் மோடில் (இயங்குதளத்துக்கும் மேலான அதிகாரமுள்ள ப்ராசஸர் நிலை) இருக்கும் நிரல் எழுந்து அதை மூடிவிடும். இதைத் தவிர, குறிப்பிட்ட முகவரி வீச்சுகளை எழுதவிடாமல் காக்கும் ரெஜிஸ்டர்களும் உண்டு. ஃபர்ம்வேர் அவற்றை நிரப்பிவிட்டுப் பூட்டு பிட்டைப் போட்டால் ரீசெட் வரை யாராலும் மாற்ற முடியாது, கெர்னலாலும் முடியாது. இவை போகச் சிப்புக்குள்ளேயே ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் ஒரு பூட்டு இருக்கிறது. அதன் நிலையை டபிள்யூபி-ஸ்டேட்டஸ் என்ற நீள ஆப்ஷன் காட்டும். சிப்பின் மூன்றாம் கால் எழுத்துத் தடைக் கால். அது தாழ்நிலையில் கட்டப்பட்டு, வன்பொருள் பாதுகாப்பும் போடப்பட்டிருந்தால் மென்பொருளால் அந்தப் பூட்டைத் திறக்க முடியாது. குரோம்புக்குகளில் நடப்பது இதுதான். மாடலைப் பொறுத்துத் திருகைக் கழற்றியோ பேட்டரியைப் பிரித்தோ அந்தத் தடையை நீக்குகிறார்கள்.

பூட்டுகள் எரிச்சலூட்டலாம், ஆனால் காரணமில்லாமல் வந்தவை அல்ல. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் விண்டோஸ் 98 கணினிகளில் ஹார்ட் டிஸ்க்கை அழித்ததோடு, இயன்ற போர்டுகளில் பயாஸ் சிப்பிலும் குப்பையை எழுதியது. அது பயன்படுத்தியதும் ஓடும் கணினியிலிருந்தே எழுதும் இதே வழிதான். 2018-இல் இசெட் ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்த லோஜாக்ஸ், சரியாகப் பூட்டாத போர்டுகளில் எஸ்பிஐ சிப்புக்குள்ளேயே குடியேறியது. ஹார்ட் டிஸ்க்கை மாற்றினாலும் அது போகாது. உங்கள் வேலை முடிந்ததும் செக்யூர் பூட்டைத் திரும்பப் போட மறக்காதீர்கள்.

லேப்டாப்பில் செய்யலாமா?

ஃபிளாஷ்ராம் தனக்குத் தெரியாத லேப்டாப்பில் எழுத மறுக்கும் அல்லது கடுமையாக எச்சரிக்கும். காரணம் இசி. அதன் நிரல் அதே சிப்பில் இருந்தால், நாம் அழிக்கும் நேரத்தில் அது அடுத்த கட்டளையைப் படிக்க வந்து குப்பையைப் படிக்கும். கீபோர்டு உறையலாம், ஃபேன் நிற்கலாம், எழுத்து பாதியில் இருக்கும்போது பவரே போய்விடலாம். வெறும் அடையாளம் காணும் முயற்சியே சில மாடல்களைத் தடுமாற வைத்ததுண்டு. அந்த எச்சரிக்கையை மீறும் ஆப்ஷன்கள் இருக்கின்றன. மாடல் எண்ணோடு வேறு யாராவது செய்து பார்த்த பதிவு இல்லாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

டிரைவரில் ஒரு சிறு பிழை போதும் என்பதற்கு 2017 டிசம்பர் சாட்சி. உபுண்டு 17.10-இன் கெர்னலில் இயக்கி வைத்திருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவரால், லெனோவோ உள்ளிட்ட சில லேப்டாப்களில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாமல் போனது. அந்த நிறுவல் படத்தையே தளத்திலிருந்து எடுத்துவிட்டு, சரிசெய்து மீண்டும் வெளியிட்டார்கள்.

மறுபக்கம், திங்க்பேட் எக்ஸ்230 போன்றவற்றில் வழி நன்றாகத் தெரியும். அதில் 8 எம்பி, 4 எம்பி என இரண்டு சிப்கள் சேர்ந்து 12 எம்பி. முதல் முறை கிளிப் போட்டு கோர்பூட்டை ஏற்றி டிஸ்கிரிப்டரைத் திறந்துவிட்டால், பிறகு வரும் புதுப்பிப்புகளையெல்லாம் லினக்ஸிலிருந்தே செய்துகொள்ளலாம்.

சரி, எழுதும் கட்டளை?

"பி" இன்டர்னல், "டபிள்யூ" கோப்புப் பெயர். தேவையானால் மேலே சொன்ன பகுதி ஆப்ஷன்கள். அவ்வளவுதான். எச்சரிக்கைகளை மீறி வலுக்கட்டாயமாக எழுத வைக்கும் "எஃப்" ஆப்ஷனைச் சேர்க்காதீர்கள்.

உள்ளே நடப்பது இது: முதலில் சிப்பில் இருப்பதைப் படித்துப் புதிய கோப்போடு ஒப்பிடும். வேறுபடும் தொகுதிகளை மட்டும் அழித்து எழுதும், பிறகு திரும்பப் படித்துச் சரிபார்க்கும். ஃபிளாஷில் எழுதுவதால் 1 என்ற பிட்டை 0 ஆக்கத்தான் முடியும். திரும்ப 1 ஆக்க வேண்டுமென்றால் குறைந்தது 4 கேபி தொகுதியை மொத்தமாக அழிக்க வேண்டும். 8 எம்பி சிப்பை முழுதும் மாற்ற ஓரிரு நிமிடம் ஆகலாம். சில கேபி மட்டும் மாறினால் ஒப்பிடுவதற்குத்தான் நேரம் பிடிக்கும். இப்படிப்பட்ட சிப்கள் சுமார் 1,00,000 அழிப்புகளைத் தாங்கும் என்று தரவுத்தாளில் இருக்கிறது. தேய்ந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

சரிபார்ப்பு தோல்வி. "ரீபூட் செய்யாதே, பவரை அணைக்காதே" என்று பெரிய எழுத்தில் வருகிறது!

கையை எடுங்கள். கணினி ஓடிக்கொண்டிருக்கும் வரை எதுவும் கைமீறவில்லை. சிப்பில் இருப்பது குப்பையாக இருந்தாலும் அதைத் திருத்தும் கருவி உங்கள் முன்னால் இயங்கிக்கொண்டிருக்கிறது.

ஸ்லீப்பும் கூடாது. ஸ்லீப்பிலிருந்து எழும்போது ப்ராசஸர் முதல் கட்டளையை அதே சிப்பிலிருந்துதான் எடுக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் புதிய கோப்பை இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். மீண்டும் தோற்றால் பழைய பேக்கப்பை எழுதுங்கள். ஏற்கெனவே பழைய தரவோடு பொருந்தும் தொகுதிகளை அது தொடாது, கெட்டவற்றை மட்டும் சரிசெய்யும். ஒரே முகவரியில் திரும்பத் திரும்பத் தோற்கிறது என்றால், அந்த வீச்சு எழுத்துத் தடையில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பழைய தரவும் மற்ற இடங்களில் புதியதும் இருப்பது மிக மோசமான கலவை. அதற்குப் பேக்கப்பைத் திரும்ப எழுதுவதுதான் தீர்வு. அதுவும் நடக்காவிட்டால், விரிவான பதிவை வேறொரு கணினிக்கு அனுப்பி ஃபிளாஷ்ராம் திட்டத்தாரிடம் கேளுங்கள். கணினி இரவெல்லாம் ஓடினாலும் பரவாயில்லை.

எழுதி முடிந்தது, சரிபார்ப்பும் வெற்றி. ஆனால் ரீபூட் செய்ததும் திரை கறுப்பாகவே இருக்கிறது.

சில நிமிடங்கள் பொறுங்கள். புதிய ஃபர்ம்வேர் மெமரியை முதலிலிருந்து அளந்து பழக வேண்டும். ரேம் அதிகமிருந்தால் அதற்கே நேரமாகும். நடுவில் தானே ஓரிரு முறை அணைந்து எழுவதும் உண்டு. அசைவே இல்லையென்றால் முழுதாக அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, முடிந்தால் நாணய பேட்டரியையும் கழற்றிவிட்டு மீண்டும் போடுங்கள்.

சரியாக எழுதியும் எழும்பாமல் போவதற்கு இன்னொரு காரணம் பூட் கார்டு என்ற இன்டெலின் காவல் ஏற்பாடு. 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் கோரிலிருந்து, தயாரிப்பாளர் விரும்பினால் தன் சாவியின் சுருக்கத்தைச் சிப்செட்டில் நிரந்தரமாகப் பதித்துவிடலாம். பதித்த போர்டில், கையொப்பமிட்ட தொடக்கப் பகுதியில் ஒரு பைட்டை மாற்றினாலும் ஃபர்ம்வேர் ஓடாது. ஏஎம்டியிலும் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு. கிளிப் போட்டுப் பழையதைத் திரும்ப எழுதுவதைத் தவிர வழியில்லை.

கிளிப் போட்டு மீட்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் மின்னழுத்தம். பெரும்பாலான சிப்கள் 3.3 வோல்ட். ஆனால் பல புதிய லேப்டாப்களில் 1.8 வோல்ட் சிப் இருக்கிறது. முதுகில் இருக்கும் எண்ணை முழுதாகத் தேடித் தரவுத்தாளைப் பாருங்கள். 1.8 வோல்ட் சிப்புக்குத் தனி அடாப்டர் வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ ப்ரோகிராமரின் கறுப்பு வகையில் ஒரு பழைய குறை உண்டு. சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுத்தாலும் தரவுக் கால்களில் 5 வோல்ட் வரும். மல்டிமீட்டரால் அளந்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ராஸ்ப்பெர்ரி பை இருந்தால் அந்தக் கவலை இல்லை: அதன் 19, 21, 23, 24 ஆம் கால்கள் முறையே சிப்பின் 5, 2, 6, 1 ஆம் கால்களுக்கு, 25 தரை, அது சிப்பின் 4-க்கு, 17-இல் 3.3 வோல்ட், அது 8-க்கு. சிப்பின் 3, 7 ஆம் கால்களையும் 3.3 வோல்ட்டோடு இணைத்தால் எழுத்துத் தடையும் ஹோல்டும் (சிப்பை நிறுத்தி வைக்கும் சைகை) குறுக்கே வராது.

பேட்டரி, சார்ஜர் இரண்டையும் கழற்றியிருக்க வேண்டும். சிப்பின் முதல் காலருகே ஒரு புள்ளி இருக்கும். கிளிப்பின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம். சிப்பே தெரியவில்லை என்று வந்தால் பெரும்பாலும் கிளிப் சரியாக உட்காரவில்லை. வாசிப்புக்கு வாசிப்பு மாறினால் வயரைச் சுருக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள். கணினி அணைந்திருக்கும் இந்த நிலையில் எம்இ மேல் பழிபோட முடியாது. வேறுபாடு வந்தால் தொடர்புதான் சரியில்லை. மூன்று வாசிப்புகள் ஒத்துப்போகும் வரை எழுதவே எழுதாதீர்கள். கிளிப் வழியாகப் போகும் மின்சாரம் போர்டின் மற்றப் பாகங்களுக்கும் கசிவதால் சில போர்டுகளில் சிப் எழும்பவே எழும்பாது. அப்போது சிப்பைச் சூடாக்கி எடுத்துத் தனியாக எழுத வேண்டும். ஹாட் ஏர் பழக்கமில்லை என்றால் செல்போன் பழுதுபார்ப்பவரிடம் அந்த ஒரு வேலையை மட்டும் கொடுத்துவிடலாம். கோப்பு உங்கள் கையிலேயே இருக்கட்டும்.